அடைக்கலம் தந்த அன்னை: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

திருப்பதி இரயில் நிலையத்து முற்றத்திலும் பேருந்து நிலையத்து நடைமேடைகளிலும் இரவு பத்து மணிக்குமேல் நடந்து சென்றவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பர். மலைக்குச் செல்ல வந்த யாத்திரிகர்கள் மூட்டைகளைத் தலைக்கு வைத்து உறங்குகின்றனர். அவர்கள் நடுவே, யாத்திரிகரைப் போலவே தோன்றும் ஒரு பெண் தன் இரு குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். பொழுது விடிந்ததும் மற்றவர்கள் தரிசனம் முடித்துத் தத்தம் ஊர் திரும்புவர். அவளுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இல்லை. அன்னதானம் நடைபெறும் நகரத்தில் பிள்ளைகள் பட்டினியால் மாண்டு போகமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் அவள் வந்திருக்கிறாள்.

இத்தகைய பெண்களுள் கணவனை இழந்தவர் உளர். கணவனால் துரத்தப்பட்டவர் உளர். சட்டப்படி ஒரு கணவனே இல்லாமல் தாயானவரும் உளர். சோறு கொடுப்போர் நம் நாட்டில் என்றும் இருந்து வந்திருக்கின்றனர். ஆனால் குழந்தையுடன் வரும் பெண்ணைப் பார்த்து அவளுடைய குலத்தையும் கணவன் பெயரையும் கேளாமல் உள்ளே அழைப்போர் என்றும் அரியர். அவ்வாறு அழைத்த ஒருவருடைய வரலாற்றை இம்முறை நாம் எழுதத் துணிந்தோம். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் சித்தூரிலோ திருப்பதியிலோ பிறந்தவர் அல்லர். எனினும் அவருக்கும் இவ்வூர்களுக்கும் உள்ள தொடர்பு பலர் நினைவில் இல்லாதது. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும்வரை சித்தூரும் திருப்பதியும் சென்னை ஆட்சியின்கீழ் இருந்தன. ஆகவே அம்மையார் சென்னைச் சட்டசபையில் போராடி இயற்றுவித்த சட்டம் மயிலாப்பூருக்கும் தஞ்சைக்கும் எவ்வாறு சட்டமோ, அவ்வாறே திருப்பதிக்கும் சித்தூருக்கும் சட்டமாயிற்று. அச்சட்டம் இங்கே எதைச் சாதித்தது, எதைச் சாதிக்காமல் விட்டது என்பதை இவ்வரலாற்றின் முடிவில் காண்போம்.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசையும் நடனமும் குலத்தொழிலாகக் கொண்ட, கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமுடைய வகுப்பைச் சேர்ந்தவர். அவ்விருவருடைய வாழ்க்கை காரணமாகத் தந்தையாரை அவருடைய சுற்றத்தார் விலக்கி வைத்தனர். கல்வியும் மதிப்பும் உள்ள வீடாயினும் அக்குழந்தைகள் எந்தச் சாதியின் பந்தியிலும் இடம் இல்லாதவர்களாக வளர்ந்தனர். பிறப்பின் பெயரால் ஒதுக்கப்படுவது எத்தகையது என்பதை அம்மையார் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர்.

பெண் பருவமெய்தினால் பள்ளியை விட்டு நிற்கவேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். ஆயினும் வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். மேற்படிப்புக்கு மகாராஜா கல்லூரியில் விண்ணப்பித்தபோது, ஆண்கள் பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. அவருடைய தாயின் குலத்தையும் சிலர் சுட்டிக்காட்டினர். புதுக்கோட்டை அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். ஒரு கதவு திறந்தது. அது தாமாகத் திறந்த கதவு அன்று. அதிகாரம் உடைய ஒருவர் மனம் வைத்துத் திறந்தது. இதை அம்மையார் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை என்றே அவருடைய பிற்காலச் செயல்கள் காட்டுகின்றன.

1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அங்கே பயின்ற பெண்கள் மிகச் சிலரே. பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் எழும்பூரிலுள்ள அரசாங்க மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். நோயாளியின் நாடியைப் பார்க்கும் மருத்துவர் பலர். நோயாளி எங்கிருந்து வந்தாள், இங்கிருந்து எங்கே போவாள் என்று பார்க்கும் மருத்துவர் சிலரே. பிரசவம் முடிந்து உடல் தேறிய தாய் ஒருத்தி, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு மருத்துவமனை வாயிலில் எத்திசையில் நடப்பது என்று தெரியாமல் நிற்கும் காட்சி, இத்தகைய மருத்துவமனைகளில் பணிபுரிவோருக்குப் புதிதன்று. அம்மையார் பெண்களின் பிணிக்கு மருந்தோடு நில்லாமல் வேரையும் தேடத் தொடங்கினார்.

1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் பொதுப்பணிக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற உடன்பாட்டின் பேரிலேயே திருமணத்துக்கு இசைந்தார். வைதிகச் சடங்குகள் இன்றி, 1872ஆம் ஆண்டின் பதிவுத் திருமணச் சட்டப்படி அத்திருமணம் நடைபெற்றது. சுந்தர ரெட்டியார் தம் சொல்லைக் காத்தார் என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை மெய்ப்பிக்கும். மனைவி ஊரார் பிள்ளைகளைத் தம் வீட்டுக்குள் அழைத்தபோது வாயிற்படியில் நின்று தடுக்காத கணவர் அவர்.

1923ஆம் ஆண்டில் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவராகிய தமக்கையால் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. அத்துயரம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெரிய மருத்துவமனையாகப் பலனளித்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம். 1925ஆம் ஆண்டில் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் பயில இங்கிலாந்து சென்றார். 1926ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக மாதர் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

நாடு திரும்பியதும் சென்னைச் சட்டசபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 1927ஆம் ஆண்டு தொடக்கத்தில் சபையினர் ஒருமனதாக அவரை உபதலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பெருமை தரும் அந்நாற்காலியில் அமர்ந்து காலம் கழித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அம்மையார், பெரியோர் பலர் பேசக் கூசிய ஒரு பொருளைச் சபையின் நடுவே கொணர்ந்து வைத்தார். அதுவே பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம்.

அவ்வழக்கம் எவ்வாறு தலைமுறை தலைமுறையாக நீடித்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். பக்தி மட்டும் அதற்குக் காரணம் அன்று. கோயிலில் பணிபுரியும் பெண்ணுக்கு மானிய நிலம் உண்டு. பணி நின்றால் நிலம் போய்விடும். ஆகவே நிலத்தைக் காப்பதற்காக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டினர். அக்குழந்தை வளர்ந்து செல்வர் ஒருவரின் ஆதரவில் வாழ்வாள். அவளுக்குப் பிறக்கும் மகளுக்கும் அதே வழி. நிலம் என்ற கயிற்றால் பெண் கட்டப்பட்டிருந்தாள். அம்மையார் அக்கயிற்றைக் கண்டார். 1929ஆம் ஆண்டில் இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொணர்ந்த திருத்தம் அக்கயிற்றையே அறுத்தது. கோயிற்பணி செய்யாமலே அப்பெண்கள் தம் மானிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. வெறும் கண்டனத்தோடு நில்லாமல், வயிற்றுக்கு வழி செய்துவிட்டு விடுதலை கூறிய சட்டம் அது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சமய மரபும் கலையும் அழிந்துவிடும் என்று சபையில் சத்தியமூர்த்தி போன்றோர் வாதிட்டனர். அதைவிட அம்மையாருக்கு வருத்தம் தந்தது, எந்தப் பெண்களுக்காக அவர் பேசினாரோ அவர்களுள் பலரும் எதிர்த்ததுதான். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலானோர் அரசாங்கத்துக்கு மனு அளித்தனர். தங்கள் சொத்துரிமையும் கலையும் வாழ்வும் பறிபோகும் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பழைய வீட்டை இடிக்க வருகிறவரைப் பார்த்து, புதிய வீடு எங்கே என்று கேட்பது மனித இயல்பு. மற்றொரு பக்கம், அக்குலத்திற் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பொட்டறுக்கும் இயக்கத்தை நடத்தி முத்துலட்சுமி அம்மையாருக்குத் துணை நின்றார்.

1930ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அம்மையார் முன்வைத்தார். அவ்வாண்டிலேயே காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் வீழ்ந்தது. அது சட்டமாவதற்கு 1947ஆம் ஆண்டுவரை, பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமியர் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போர் உள்ளம் நடுங்கும்.

ஆனால் அவ்வம்மையாரின் வாழ்வில் மிகப் பெரிய நிகழ்ச்சி என நாம் கருதுவது சட்டசபையில் நடந்தது அன்று. அது அவருடைய வீட்டு வாயிலில் நடந்தது.

பதவி துறந்த அதே 1930ஆம் ஆண்டில் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். பொட்டுக்கட்டு வாழ்வு வேண்டாம் என்று வெளியேறி வந்தவர்கள் அவர்கள். சட்டம் பேசிய அம்மையாரை நம்பி வந்தனர். அவர்களுக்கு இடம் தேடி அம்மையார் நகரத்து விடுதிகளை நாடினார். அந்நாளைய விடுதிகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. ஒரு குலத்து விடுதி மற்றொரு குலத்தாரை ஏற்காது. இச்சிறுமியரையோ எக்குலத்து விடுதியும் ஏற்கவில்லை. சென்னையில் அப்போது பெண்களுக்கு இல்லங்களே இல்லை என்று கூறமுடியாது. சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1912ஆம் ஆண்டு முதல் இளம் விதவைகளுக்காகப் பெரும்பணி ஆற்றி வந்தார். ஆயினும் அவ்வில்லத்தின் தொடக்கம், காலத்தின் கட்டுப்பாட்டால், பிராமண விதவைகளையே பெரிதும் நோக்கியிருந்தது. குலமே இழிவு எனச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு நகரில் ஒரு திண்ணையும் இல்லை.

அப்போது அம்மையார் என்ன செய்தார்? தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். இதுவே அவ்வை இல்லத்தின் தோற்றம். கட்டடம் கிடைக்கட்டும், நிதி சேரட்டும், அரசாங்கம் ஆணை பிறப்பிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சமையலறையில் கூடுதலாக உலை ஏறியது, கூடத்தில் கூடுதலாகப் பாய்கள் விரிந்தன, அவ்வளவே தொடக்கம்.

அவ்வை என்ற பெயரை நாம் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அனாதைகள் இல்லம் என்றோ, மீட்கப்பட்ட பெண்கள் விடுதி என்றோ அம்மையார் பெயர் வைக்கவில்லை. அப்பெயர்கள் உள்ளே நுழைவோரின் நெற்றியில் முத்திரை குத்துவன. தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவிக்கும் மூதாட்டியின் பெயரை வைத்தார். அங்கே தங்கிப் படித்த பெண், தன் முகவரியைச் சொல்லும்போது தலைகுனிய வேண்டியதில்லை.

சிறிது சிறிதாக இல்லம் வளர்ந்தது. கைவிடப்பட்ட சிறுமியர், ஆதரவற்ற பெண்கள், வறுமையால் பிள்ளையை வளர்க்க இயலாத தாயர் கொண்டுவந்து விட்ட குழந்தைகள் எனப் பல திறத்தாரும் வந்தனர். சாதி கேட்கப்படவில்லை, சமயம் கேட்கப்படவில்லை. உணவும் உறையுளும் கொடுத்ததோடு அம்மையார் நின்றுவிடவில்லை. பள்ளி தொடங்கினார், பின்னர் ஆசிரியைப் பயிற்சியும் அங்கே கிடைத்தது. அடைக்கலம் புகுந்த சிறுமி ஆசிரியையாக வெளியே செல்லும் வழி அது. அடையாற்றில் நிலைபெற்ற அவ்வை இல்லமும் அதன் பள்ளியும் இன்றளவும் நடைபெற்று வருகின்றன.

தனியொருவர் கைப்பொருளால் இத்தகைய இல்லம் நெடுநாள் நிலைக்காது. இந்திய மாதர் சங்கத்தில் அம்மையாரோடு பணியாற்றிய பெண்களும், நன்கொடையாளரும், குறைந்த ஊதியத்தை ஏற்றுக் கற்பிக்க வந்த ஆசிரியைகளுமே இத்தகைய இல்லங்களின் தூண்கள். முதற் கதவைத் திறந்தவர் ஒருவர். அக்கதவு மூடாமல் காத்தவர் பலர். வரலாறு எழுதுவோர் முன்னவர் பெயரைப் பொறித்துவிட்டுப் பின்னவரை மறந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு மறத்தலாகாது. ஏனெனில் நம்மில் முத்துலட்சுமி ஆகக்கூடியவர் ஒருவரோ இருவரோ. அக்கதவைக் காக்கக்கூடியவர் நாம் அனைவருமே.

இவ்விடத்தில் நம் மணிமேகலையை நினையாதிருக்க முடியுமோ? கணிகையர் குலத்து மாதவியின் மகளாகப் பிறந்தவள் அவள். பாட்டி சித்திராபதி அவளைக் குலத்தொழிலுக்கே இழுக்க முயன்றாள். மணிமேகலையோ தம்மத்தின் வழி நின்று, அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டாள். சோழ மன்னன் மகிழ்ந்து என்ன வேண்டும் என்று வினவியபோது தனக்கென ஒன்றும் கேளாமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றாள். சோறு மட்டும் போதாது, கூரையும் வேண்டும் என்று அறிந்தவள் அவள். அவளுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், அதே போன்ற குலத்து அன்னையின் மகளாகப் பிறந்த ஒருவர், தம் இல்லத்தையே அறக்கோட்டமாக்கினார். இருவரையும் குலத்தைக் காட்டி இகழ்ந்தோர் இருந்தனர். இகழ்ந்தோர் பெயர் மறைந்தது. இருவர் பெயரும் நிலைத்தது.

அம்மையாரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகக் கூறுவோம். தங்கையைப் பறித்த நோயை அவர் மறக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனைப் பேணி வளர்த்தார். தென்னாட்டின் ஏழை நோயாளர்க்கு அது இன்றும் புகலிடம். 1956ஆம் ஆண்டில் அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயது நிறைய எட்டு நாட்களே இருந்த நிலையில், அவர் காலமானார். ஏழைக் கருவுற்ற தாய்மார்க்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி, தொடக்கத்தில் நாம் விட்ட கேள்விக்கு வருவோம். அம்மையாரின் சட்டம் சித்தூரிலும் திருப்பதியிலும் எதைச் சாதிக்காமல் விட்டது?

ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். அச்சட்டங்களைப் பற்றி இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் மாறுபட்ட கருத்தும் கொண்டுள்ளனர். அப்பெண்கள் தத்தெடுக்கும் உரிமையையும் தாய்வழிச் சொத்தையும் கலையையும் பெற்றிருந்தனர். சட்டம் வந்தபின் பலர் அவற்றை இழந்து வறுமையில் வீழ்ந்தனர் என்கின்றனர். அதில் உண்மை உண்டு. நிலம் இருந்தவள் நிலத்தோடு வெளியேறினாள். நிலம் இல்லாதவள் வெறுங்கையோடு வெளியேறினாள். அவ்வை இல்லத்தின் கதவைத் தட்ட இயன்றவர் எத்தனை பேர்? ஒவ்வோர் ஊரிலும் ஓர் அவ்வை இல்லம் எழுந்திருந்தால் அன்றோ சட்டம் முழுமை பெற்றிருக்கும்?

அதனினும் கொடியது, பெருங்கோயில்களுக்கு வெளியே நம் சேரிகளிலேயே நடந்து வந்த ஒரு வழக்கம். சித்தூர் மாவட்டத்திலும் அதனை அடுத்த திருவள்ளூர்ப் பகுதியிலும், அருந்ததியர் குலத்துப் பெண் குழந்தைகளை மாதம்மா என்னும் தெய்வத்துக்கு நேர்ந்து விடுவர். குழந்தை நோயுற்றால், பிழைத்தெழுந்ததும் அம்மனுக்கே விடுவதாகப் பெற்றோர் வேண்டிக்கொள்வர். திருவிழாவில் அம்மன் பெயரால் அவளுக்குத் தாலி ஏறும். அதன்பின் அவள் எவரையும் மணக்கலாகாது. திருவிழாதோறும் ஆடவேண்டும். வளர்ந்தபின் எவனோ ஒருவன் அவளோடு சில காலம் வாழ்ந்துவிட்டு நீங்குவான். பிறக்கும் குழந்தைகள் அவளுடைய பொறுப்பு மட்டுமே. கோயிற் பெண்ணுக்காவது மானிய நிலம் இருந்தது. மாதம்மா ஆக்கப்பட்டவளுக்கு ஒரு குழி நிலமும் இல்லை. உடுத்த சேலையும் இடுப்பில் குழந்தையுமே அவள் சொத்து.

1947ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் இவ்வழக்கம் மறையவில்லை. 1988ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசம் தனிச்சட்டம் இயற்றித் தடை செய்தது. அதன்பின்னும் இரு மாநில எல்லையிலும் இது தொடர்வதாக வந்த செய்திகளைக் கண்டு, 2017ஆம் ஆண்டில் தேசிய மனித உரிமை ஆணையம் இரு அரசாங்கங்களுக்கும் அறிக்கை கேட்டு அனுப்பியது. மூன்று தலைமுறைச் சட்டங்கள் ஒரு வழக்கத்தை வேரறுக்க இயலவில்லை என்றால் அதன் பொருள் யாது? தண்டனையைக் கூறும் தாள் ஒருபுறம் இருக்க, வெளியே வரும் தாய்க்கும் பிள்ளைக்கும் தங்க இடம் இல்லை என்பதே அதன் பொருள்.

இன்று ஓரளவு வழிகள் உள்ளன. ஆதரவற்ற பெண்கள் தங்குவதற்கு நடுவண் அரசின் உதவியுடன் சக்தி சதன் என்னும் இல்லங்கள் 2022ஆம் ஆண்டின் புதிய திட்டப்படி நடத்தப்படுகின்றன. தாயோடு பிள்ளைகளும் தங்கலாம். ஆண் பிள்ளைக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. துன்பத்திலுள்ள பெண் 181 என்ற எண்ணையும், குழந்தைக்காக 1098 என்ற எண்ணையும் தொலைபேசியில் அழைக்கலாம். தந்தை பெயர் இல்லை என்று பிறப்புச் சான்றிதழ் மறுக்கப்பட்ட தாயர் அஞ்ச வேண்டியதில்லை. திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைக் கூறாமலே தன் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இதனை அறியாத தாயர் பலர். அறிந்த நாம் சொல்லாதிருப்பது குற்றம்.

ஆனால் இல்லம் என்பது ஆற்றைக் கடக்கும் ஓடம் போன்றது. ஓடத்திலேயே எவரும் வாழ்ந்துவிட முடியாது. குறித்த காலம் முடிந்து அப்பெண் வெளியே வரும் நாளில் அக்கரையில் நிற்க வேண்டியவர் யார்? வாடகைக்கு அறை கேட்டு அவள் செல்லும்போது, வீட்டுக்காரர் முதலில் கணவன் எங்கே என்று கேட்பார். அடுத்துச் சாதி என்ன என்று கேட்பார். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கச் சென்றால் எழுத்தர் தந்தை பெயர் எழுதும் கட்டத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். அந்நேரத்தில் அவள் அருகே நின்று, இப்பிள்ளைக்குத் தாய் பெயரே போதும், சட்டம் அவ்வாறே கூறுகிறது என்று பேச ஒரு துணை வேண்டும். அத்துணைக்கு நிதி வேண்டா, கட்டடம் வேண்டா, அரைநாள் கூலியை இழக்கும் மனம் வேண்டும்.

நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் உள. குலத்தால் உயர்வு தாழ்வு இல்லை என்று ஏற்றுத் தம்மத்தின் நிழலை நாடியவர் நாம். நம் வீட்டுப் பின்புறத்து அறை காலியாக இருக்கிறது. மாதம்மா என்று ஊரார் சுட்டிய பெண் ஒருத்தி இரு குழந்தைகளோடு வந்து கேட்கிறாள். வாடகைக்கேனும் அதைக் கொடுப்போமா? வைசாகப் பூர்ணிமையன்று அவள் வந்தால், கடைசியில் சோற்றுப் பொட்டலம் கொடுத்து அனுப்புவோமா, அல்லது நம் வீட்டுப் பெண்களின் வரிசையில் உட்கார வைப்போமா? அவள் மகள் வளர்ந்தபின் நம் மகனுக்குப் பெண் கேட்போமா? நம் உறவினர் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காக நேர்த்திக்கடன் பேசும்போது, குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முன்வருவோமா? இவற்றுக்கு நாம் கூறும் விடையே நாம் எவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறோம் என்பதற்கு அளவுகோல்.

ஆயிரம் பேருக்கு ஒருநாள் அன்னம் அளிப்பதைப் புகைப்படம் எடுக்கலாம். ஒரு தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் மூன்றாண்டுகள் அக்கம்பக்கமாக இருப்பதை யாரும் படம் எடுக்கமாட்டார்கள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கதவைத் தட்ட ஒரு வீடு, வேலைக்குச் செல்லும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி, ரேஷன் அட்டைக்கும் வங்கிக் கணக்கிற்கும் சாட்சிக் கையெழுத்திட ஒருவர், தையலோ வேறு கைத்தொழிலோ பழக்கிவிட ஒருவர் என நான்கு பேர் கூடினால் ஒரு குடும்பம் கரையேறும். நான்கு குடும்பங்கள் ஒரு தெருவில் இதனை ஏற்றால் அத்தெருவே ஓர் அவ்வை இல்லம். அதற்குப் பெயர்ப் பலகையும் வேண்டுவதில்லை.

முத்துலட்சுமி அம்மையாருக்கு அன்று புதுக்கோட்டை அரசர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். அதன் வழியே உள்ளே சென்றவர் அதைத் தமக்குப் பின்னால் சாத்திக்கொள்ளவில்லை. தம் வீட்டுக் கதவையும் சேர்த்துத் திறந்துவைத்தார். நம்முள் கல்வி பெற்றோரும் பணியில் அமர்ந்தோரும் இன்று பலர். அவர்களுக்காகவும் யாரோ எங்கோ ஒரு கதவைத் திறந்திருப்பார்.

திருப்பதி நிலையத்தில் இன்றிரவும் அப்பெண் விழித்திருப்பாள். அவளைக் கடந்து செல்லும்போது நம் கை தானாகவே சில்லறைக்குச் செல்லும். சில்லறையைக் கொடுப்போம், ஆனால் அதனோடு அவள் அருகே ஒரு நிமிடம் அமர்ந்து, பிள்ளைகளின் பெயரைக் கேட்போம். விடிந்ததும் அவளை எங்கே அழைத்துச் செல்வது என்பதை அங்கேயே முடிவு செய்வோம். அவ்வை இல்லமும் அவ்வாறே, வாயிலில் நின்ற சிறுமியரை உள்ளே வருமாறு அழைத்ததில்தான் தொடங்கியது.